தோல் படுக்கையும் தெருத் திண்ணையும்

வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பேருந்தில் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிகொண்டா, மாதனூர் ஆகிய ஊர்களைக் கடந்து ஆம்பூரை நெருங்கும்போது கண்ணுக்கு முன்பே மூக்கு ஊரை அறிந்துகொள்ளும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாடை அது. இடப்புறம், தெற்கே, நீலக் கோடாக நீண்டு தெரிவது ஜவ்வாது மலைத்தொடர். காவலூர் வானாய்வகம் இருப்பது அந்த மலையில்தான் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள்.

அதே மலைக்குத் தெற்கே, அடிவாரத்தில், செங்கம் என்னும் ஊர் இருக்கிறது. சங்க காலத்தில் அதற்குச் செங்கண்மா என்று பெயர். அங்கே நன்னன் என்னும் குறுநில மன்னன் ஆண்டான். அவனைக் காணச் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு ஒன்று உண்டு. பத்துப்பாட்டில் பத்தாவதாக வைக்கப்பட்டுள்ள ‘மலைபடுகடாம்’தான் அது. பெருங்கௌசிகனார் என்னும் புலவர் பாடியது. 583 அடிகள் கொண்டது. மலைவழியில் எங்கே தங்கலாம், யார் உணவு தருவார்கள், என்ன தருவார்கள், எங்கே படுக்கலாம் என்பதையெல்லாம் அது விரிவாகக் கூறுகிறது. இக்காலத்துப் பயணக் கையேடு போன்ற அந்தப் பாட்டு, நம்முடைய வேலூர், ஆம்பூர் வட்டாரத்தின் அண்டை நிலத்தைப் பற்றியது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்பின் தெரியாத ஒருவன் இரவில் வந்து நின்றால் அவனுக்கு எங்கே இடம்? இந்தக் கேள்விக்கு இந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் காலந்தோறும் என்ன விடை கண்டார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விருந்து என்றால் யார்?

இன்று நாம் ‘விருந்து’ என்றவுடன் இலை நிறையப் பரிமாறிய உணவை நினைக்கிறோம். அச்சொல்லின் பழைய பொருள் ‘புதுமை’ என்பதாகும். புதிதாக வருபவனே விருந்தினன். மாமன், மைத்துனன், சம்பந்தி ஆகியோர் வந்தால் அவர்கள் உறவினர். முகம் அறியாதவன் வந்தால் அவனே விருந்து. திருக்குறளில் இல்லற இயலில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் தனியே ஒதுக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். உறவினருக்குச் சோறு போடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அயலானுக்குப் போடத்தான் அறநூல் தேவைப்படுகிறது.

பிற மொழிகளிலும் இந்த எண்ணத்தின் சுவடு உண்டு. இலத்தீன் மொழியில் விருந்தினரைக் குறிக்கும் ‘ஹாஸ்பெஸ்’ என்னும் சொல்லும், பகைவனைக் குறிக்கும் ‘ஹாஸ்டிஸ்’ என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று மொழியியலார் காட்டுகின்றனர். அந்த வேரின் பொருள் ‘அயலான்’. வாசலில் வந்து நிற்கும் அயலான் நண்பனாகலாம், பகைவனும் ஆகலாம். அவனை நண்பனாக்கிக் கொள்ளும் வழியே விருந்தோம்பல்.

‘ஹாஸ்பிட்டல்’ என்ற சொல்லும் ‘ஹோட்டல்’ என்ற சொல்லும் அந்த ஹாஸ்பெஸின் வழியில் வந்தவையே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலூருக்குத் திரும்பும்போது பயன்படும்.

மலைவழியில் ஓர் இரவு

மலைபடுகடாம் காட்டும் வழியில் முதலில் வருவது குறவர்களின் சிற்றூர். அங்கே வாசலில் தயங்கி நிற்க வேண்டாம், உங்கள் சொந்த வீட்டில் நுழைவதுபோல் நுழையுங்கள் என்று பாட்டு வழி சொல்கிறது. நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச் சோறும் கிடைக்கும். மூங்கில் குழாயில் ஊறி முதிர்ந்த தேன்கள் கிடைக்கும். மேலும் சென்றால் மூங்கில் அரிசியும் அவரையும் புளியும் சேர்த்து ஆக்கிய உணவு கிடைக்கும். அரிய பண்டம் எதுவும் இதில் இல்லை. அந்த மலையில் விளைந்தது எதுவோ அதுவே விருந்தாகிறது.

அடுத்து ஆட்டு மந்தைகளை உடைய ஆயர்களின் இருப்பிடம் வருகிறது. பொழுது சாய்ந்த பிறகு அங்கே போனாலும் பாலும் கூழும் காத்திருக்க வேண்டாமலே கிடைக்கும் என்கிறது பாட்டு. படுக்கையோ தோல் படுக்கை. ஆட்டின் தோலை உரித்து, மிதித்துப் பதப்படுத்தி, படுக்கையாக அமைத்திருப்பார்கள். பஞ்சு போன்ற மென்மயிர் அடைத்த மெத்தையைப் போல அது இருக்கும். பக்கத்தில் தீ எரியும். அந்தத் தீயைத் துணையாகக் கொண்டு இரவைக் கழித்துவிட்டுச் செல்லுங்கள் என்று கூத்தர்களுக்குச் சொல்லப்படுகிறது.

தோல் தொழிலுக்குப் பெயர்போன இந்த வட்டாரத்தின் அண்டையில், சங்கப் பாட்டு ஒன்றில், பதப்படுத்திய தோல் அயலானுக்குப் படுக்கையாக வருகிறது! தோலும் விருந்தும் அன்று ஒரே கூரையின் கீழ் இருந்தன.

மிதித்தால் தோல் ஏன் மென்மையாகிறது?

இங்கே சிறிது அறிவியலையும் பார்த்துவிடுவோம். விலங்கின் தோல் பெரும்பாலும் ‘கொலாஜன்’ என்னும் புரத இழைகளால் ஆனது. உயிருள்ள தோலில் இவ்விழைகளுக்கிடையே நீர் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. உரித்த தோலை அப்படியே வெயிலில் காயவிட்டால் நீர் வற்றி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தோல் பலகைபோல் விறைத்துவிடுகிறது. காயும்போதே மிதித்தும் கசக்கியும் மடக்கியும் வந்தால் இழைகள் ஒட்டாமல் பிரிந்து நிற்கின்றன. சிறிது கொழுப்பும் சேர்ந்தால் இழைகளுக்கு இடையே எண்ணெய் இட்டதுபோலாகும். மிதித்த தோலின் மென்மைக்கு இதுவே காரணம்.

ஆனால் மிதிப்பதால் மட்டும் தோல் நெடுநாள் கெடாமல் இராது. நனைந்தால் நுண்ணுயிர்கள் அதனை அழுகச் செய்துவிடும். ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலியவற்றில் உள்ள ‘டானின்’ என்னும் துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளுடன் பிணைந்து, நுண்ணுயிர்களால் சிதைக்க முடியாதபடி செய்துவிடுகிறது. பாக்குத் துண்டைக் கடித்தால் நாக்கு இறுகுவதுபோல் தோன்றுகிறதல்லவா? உமிழ்நீரிலுள்ள புரதத்துடன் டானின் சேர்வதால் ஏற்படும் உணர்வு அது. வறண்ட வட ஆற்காட்டில் ஆவாரஞ் செடி தானாகவே வளர்ந்தது. பாலாற்று மணலைத் தோண்டினால் நீர் ஊறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் ஏற்றுமதி பெருகியபோது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இத்தொழில் வேரூன்ற இவை துணைநின்றன.

படுக்கைக்குத் திரும்புவோம். மயிருடன் கூடிய தோல் ஏன் கதகதப்பாக இருக்கிறது? மயிர்களுக்கிடையே காற்று சிறைப்பட்டு நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே உடலின் வெப்பம் குளிர்ந்த தரைக்குப் போவதில்லை. மலைக்குளிரில் வழிநடந்து களைத்தவனுக்கு ஆயர் தரக்கூடிய மிகச் சிறந்த பொருள் அதுவே.

நீண்ட வீடும் நீண்ட திண்ணையும்

விருந்தோம்பலுக்கு நல்ல மனம் மட்டும் போதாது; இடமும் வேண்டும். வீட்டின் உள்ளறையில் அயலானைப் படுக்க வைப்பது எல்லாராலும் இயலுவதன்று. வீட்டுக்குள்ளும் அல்லாமல் தெருவிலும் அல்லாமல் நடுவே ஓர் இடம் இருந்தால் சிக்கல் தீர்கிறது. உலகின் பல பகுதிகளில் மக்கள் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், போர்னியோத் தீவின் ஆற்றங்கரைகளில், இபான் என்னும் பழங்குடியினர் ‘நீண்ட வீடு’ கட்டி வாழ்கின்றனர். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் ‘பிலிக்’ என்னும் தனி அறை. எல்லா அறைகளின் கதவுகளும் ‘ருவாய்’ என்னும் நீண்ட பொதுக் கூடத்தில் திறக்கும். விருந்தினர் அந்த ருவாயில்தான் அமர்கிறார், பாயில் உறங்குகிறார். ஒவ்வொரு குடும்பமும் தன் அறைக்கு நேரெதிரே உள்ள பகுதியைக் கட்டிப் பராமரிக்கிறது. ஆனால் புழங்குவது எல்லாரும். விருந்தினர் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவரல்லர், வீட்டுக்கே பொதுவானவர். பல வீட்டு உணவும் அவரைத் தேடி வரும். இன்று பல நீண்ட வீடுகள் சிமெண்டுக் கட்டிடங்களாக மாறிவிட்டன. சிலவற்றில் சுற்றுலாப் பயணிகள் பணம் கொடுத்துத் தங்குகின்றனர். ஆயினும் ருவாய் இருக்கிறது.

இப்போது நம் ஊர்ப் பழைய தெரு ஒன்றை நினைத்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒவ்வொரு வாசலின் இருபுறமும் திண்ணை. மேலே தெருமுனையிலிருந்து தெருமுனைவரை நீளும் ஓட்டுத் தாழ்வாரம். மழைக்காலத்தில் நனையாமல் தாழ்வாரத்தின் கீழாகவே பல வீடுகளைக் கடந்துவிடலாம். ருவாய்க்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ருவாய் கதவுக்குள் இருக்கும் பொதுவிடம். திண்ணை கதவுக்கு வெளியே இருக்கும் பொதுவிடம். அவ்வளவுதான்.

திண்ணையைக் கட்டியவர்கள் வழிப்போக்கனை மனத்தில் வைத்தே கட்டினார்கள் என்பதற்குத் திண்ணையே சாட்சி. தெருப் புழுதியும் மழைநீரும் எட்டாத உயரம். ஆள் காலை நீட்டிப் படுக்கும் நீளம். ஒரு கோடியில் தலைவைத்துக் கொள்ளச் சரிவாகப் பூசிய சாய்மானம். சுவரில் அகல் வைக்க ஒரு மாடம். வீட்டுக்காரர் கதவைத் தாழிட்டுக்கொண்டு அச்சமின்றி உறங்கலாம். வழிப்போக்கர் வெளியே கூச்சமின்றி உறங்கலாம். இரவில் வந்தவர் விடியுமுன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவர் யாரென்றே வீட்டுக்காரருக்குத் தெரியாமலும் போகலாம்.

சாலையோரத்திலும் இதே எண்ணம் வேறு வடிவங்கள் எடுத்தது. தலைச்சுமையுடன் நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி ஏற்ற ஆளுயரச் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டுவது வழக்கம். இறக்கி வைக்காமலே போய்விட்ட ஒரு சுமைக்காக, ஊரார் சுமையையெல்லாம் இறக்கி வைக்க ஒரு கல்! கோடையில் தண்ணீர்ப் பந்தலும் மோர்ப் பந்தலும் எழுந்தன.

சத்திரமும் சாவடியும்

ஓரிருவர் வந்தால் திண்ணை போதும். நூற்றுக்கணக்கானோர் வரும் பெருவழிகளுக்குச் சத்திரம் வேண்டும். சென்னையிலிருந்து ஆற்காடு, வேலூர் வழியாக மைசூர் நாட்டுக்குச் செல்லும் சாலை அப்படிப்பட்ட பெருவழி. படைகளும் வணிகரும் யாத்திரிகரும் ஓயாமல் நடந்த வழி. 1800இல் பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஆங்கில ஆட்சியின் மருத்துவர் சென்னையிலிருந்து இவ்வழியே மைசூருக்குப் பயணம் செய்தார். வழியிலிருந்த சத்திரங்களைப் பற்றி அவரும் குறிப்பு எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் சத்திரத்தைக் குறிக்க வழங்கிய ‘சவுல்ட்ரி’ என்ற சொல்லே நம் ‘சாவடி’யின் திரிபுதான்.

சத்திரம் எப்படி நடந்தது என்பதற்குத் தெளிவான சான்று தஞ்சையிலிருந்து கிடைக்கிறது. இராமேசுவரம் செல்லும் வழியில் மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களைப் பற்றி, இரண்டாம் சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சத்திரத்தின் அன்றாட நடைமுறை விளக்கப்பட்டிருக்கிறது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வகைப் பயணிகளுக்கும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் பண்டங்களும் தரப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இதுவரை உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று அழைப்பார்கள். நோயுற்றவருக்கு மருத்துவர் உண்டு, கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கவனிப்பு உண்டு, பள்ளியும் உண்டு. அந்த நள்ளிரவு மணியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பசித்தவன் வந்து கேட்கட்டும் என்று இராமல், இருட்டை நோக்கிக் குரல் கொடுத்துப் பசித்தவனைத் தேடிய ஏற்பாடு அது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? சத்திரத்தின் பெயரில் நன்செய் நிலங்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அந்த விளைச்சலே அடுப்பெரித்தது. நிலம் கைமாறினால் அடுப்பு அணைந்துவிடும். எனவேதான் 1817இல் சென்னை மாகாண அரசு ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றி, கோயில், பள்ளிவாசல், சத்திரம் ஆகியவற்றின் மானிய வருவாய் உரிய வழியில் செலவாகிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது.

இஸ்லாமியரிடையே ‘முசாபிர்’ என்னும் அரபுச் சொல் பயணியைக் குறிக்கும். அதிலிருந்து முசாபிர்கானா வந்தது. அரசு அதிகாரிகள் தங்கும் விடுதிக்கு ‘முசாபரி பங்களா’ என்ற பெயரும் வந்தது. இந்த வட்டாரத்தின் தோல் வணிகச் செல்வமும் விருந்தோம்பலுக்குச் செலவாயிற்று. ஆம்பூருக்கு அருகே உமராபாத்தில் தோல் வணிகர் காக்கா முகமது உமர் 1924இல் நிறுவிய ஜாமியா தாருஸ்ஸலாம் கல்விநிலையம் தொலைதூர மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்தது. ஊரே அவர் பெயரால் வழங்குகிறது.

“நீ யார்?” என்ற கேள்வி

இதுவரை கண்டதிலிருந்து ஒன்று புலப்படும். விருந்தோம்பல் என்பது மூன்று கேள்விகளுக்கு விடை காணும் ஓர் ஏற்பாடு. எங்கே படுப்பது? திண்ணை, ருவாய், சத்திரம். செலவு யாருடையது? ஊராருடையது, மானிய நிலத்தினுடையது, வணிகருடையது. மூன்றாவது கேள்விதான் கடினமானது: யாருக்கு இடம்?

மலைபடுகடாத்திலேயே இக்கேள்வி இருக்கிறது. குறவர் ஊரை அடைந்ததும், நாங்கள் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் என்று சொல்லுங்கள் என்கிறது பாட்டு. மன்னன் பெயரே அவர்களுக்கு நுழைவுச் சீட்டு. பிற்காலத்தில் சாதி அந்தச் சீட்டாயிற்று. பல சத்திரங்கள் ஒரு சாதிக்கென்றே கட்டப்பட்டன. எல்லாருக்கும் பொது என்ற இடங்களிலும் பந்தி பிரிந்தது. திண்ணை தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தெருவிலேயே நடக்கக்கூடாது என்று விலக்கப்பட்டவனுக்குத் திண்ணை ஏது?

தோல் நாட்டில் இது மேலும் கூர்மையாகத் தெரிகிறது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி, மயிரையும் சதையையும் நீக்கி, பச்சைத் தோலைப் பதனிட்ட தோலாக்கும் கடும் உழைப்பைப் பெரும்பாலும் ஆதிதிராவிடரும் அருந்ததியரும் சுமந்தனர். அவர்கள் பதனிட்ட தோல் இங்கிலாந்துவரை சென்றது. அவர்களோ ஊர்த்திண்ணையில் உட்கார முடியாது. செருப்புத் தைத்தவரே செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது என்பது பல ஊர்களின் கட்டுப்பாடு. ஒரு காலத்தில் அயலானுக்குப் படுக்கையான தோல், பிற்காலத்தில் அதனைத் தொட்டு உழைத்தவனைப் படியேற விடாத காரணமாயிற்று.

இதில் இன்னொரு கொடுமையும் அடங்கியிருக்கிறது. அதை நாம் எளிதில் கவனிப்பதில்லை. பிரெஞ்சு மானிடவியலார் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட ஆய்வொன்றில் கொடை என்பது மூன்று கடமைகளால் ஆனது என்றார்: கொடுத்தல், பெற்றுக்கொள்ளல், திருப்பிக் கொடுத்தல். விருந்தும் அவ்வாறே. இன்று நான் உங்கள் வீட்டில் உண்டால், நாளை நீங்கள் என் வீட்டில் உண்ண வேண்டும். அப்போதுதான் நாம் சமம். சேரி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள், அவ்வீட்டாரை விருந்தினராக ஏற்க மறுத்ததோடு நிற்கவில்லை. விருந்து படைக்கும் உரிமையையும் அவர்களிடமிருந்து பறித்தார்கள். சோறில்லாதவனுக்குப் பசி ஒரு துன்பம். வைத்திருக்கும் சோற்றை ஒருவரும் ஏற்காதது வேறொரு துன்பம்.

படித்தவர்க்கும் இந்நிலையே. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அம்பேத்கர் பரோடா அரசுப் பணியில் சேரச் சென்றபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. தம் அடையாளத்தை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். சில நாட்களில் உண்மை தெரிந்ததும் தடியேந்தி வந்த கூட்டத்தாரால் வெளியேற்றப்பட்டார். அவர் பெயரை 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது வேலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் சில ஆண்டுகள் தாங்கியிருந்தது. 2019இல் அம்மாவட்டம் மீண்டும் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன.

இரயிலும் சட்டமும்

1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சில ஆண்டுகளில் பாதை பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டது. பல நாள் நடை சில மணி நேரமாகச் சுருங்கியது. இடையிலிருந்த சத்திரங்களுக்கு வேலை குறைந்தது. ஒரே பெட்டியில் பலரும் நெருக்கியடித்து உட்கார வேண்டியதாயிற்று. சீட்டு வாங்கியவரிடம் சாதி கேட்க முடியவில்லை. ஆனால் வண்டியிலிருந்து இறங்கியதும் பழைய கதை தொடர்ந்தது. தென்னிந்திய இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் அது நீங்கியது.

சட்டமன்றத்திலும் போராட்டம் நடந்தது. பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுவிடங்கள் ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1938இல் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் சாதி காரணமாக எவரையும் தடுக்கக்கூடாது என்று வெளிப்படையாகக் கூறியது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் தர்மசாலை, சராய், முசாபிர்கானா என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அங்கு வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதிலும் வேற்றுமை காட்டக்கூடாது என்றது. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. ஒரு குவளையைப் பற்றிக்கூட நாட்டின் சட்டம் பேச வேண்டியிருந்தது என்றால், அந்தக் குவளையில் எவ்வளவு பெரிய செய்தி அடங்கியிருந்தது என்பதை நீங்களே அறியலாம்.

இன்றைய சத்திரம்

இனி வேலூருக்குத் திரும்புவோம். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவ நிலையம் இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. மேற்கு வங்கம், சார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் எனத் தொலைதூரங்களிலிருந்து நோயாளிகள் வருகின்றனர். அவர்களுடன் வரும் உறவினர் வாரக்கணக்கில் தங்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதிகள் நெருங்கி நிற்கின்றன. வங்காள எழுத்தில் பெயர்ப் பலகைகளைக் காணலாம். பல விடுதிகளில் தங்குவோரே சமைத்துக்கொள்ள வசதி உண்டு. சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசி தந்த பழைய சத்திரம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆஸ்பத்திரியும் ஹோட்டலும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள் என்பதை இத்தெருக்களில் கண்ணாரக் காணலாம்.

விருந்தினருக்கு முதலில் தருவது தண்ணீர். தோல் நாட்டில் அந்தத் தண்ணீருக்கே இடர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவியது. கழிவுநீரின் உப்பும் இரசாயனங்களும் பாலாற்றுப் படுகையிலும் கிணறுகளிலும் இறங்கின. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிப்பவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. கிணற்று நீர் கரித்துப்போன வீட்டில், வாசலுக்கு வந்தவருக்கு ஒரு செம்பு நீர் தருவதும் விலைக்கு வாங்கித் தருவதாகிவிடுகிறது. சுற்றுச்சூழல் கெடும்போது விருந்தோம்பலும் சேர்ந்தே கெடுகிறது.

உங்களுக்கு ஒரு வேலை

நண்பர்களே! உங்கள் ஊரில் பழைய திண்ணை வீடுகள் ஒன்றிரண்டு எஞ்சியிருக்கலாம். சாலை அகன்றபோது பல இடிபட்டன, சில கடைகளாயின, சில கம்பிக் கதவுக்குள் அடைபட்டன. ஓர் அளவுநாடாவுடன் சென்று திண்ணையின் உயரம், நீளம், அகலம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுமைதாங்கிக் கல் இருந்தால் அதிலுள்ள எழுத்தைப் படியெடுங்கள். பழைய சத்திரம் இருந்தால் அதன் நிலம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் செல்லுங்கள். ஒரு தெருவில் மட்டும் கேட்காமல் எல்லாத் தெருக்களிலும், சேரியிலும் கேளுங்கள்: “அந்தக் காலத்தில் இந்தத் திண்ணையில் யார் யார் படுத்தார்கள்? யார் படுக்க முடியாது?” இரண்டாம் கேள்விக்கு வரும் விடைகளைத் தெருவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரின் எழுதப்படாத வரலாறு அதில் இருக்கும்.

திண்ணை போய்விட்டதே என்று பலரும் வருந்துகிறார்கள். வருந்த வேண்டியதுதான். ஆனால் அதைத் திரும்பக் கட்டும் நாள் வந்தால், உயரத்தையும் நீளத்தையும் பழைய அளவிலேயே வைத்துக்கொள்ளலாம். “நீ யார்?” என்ற கேள்வியை மட்டும் விட்டுவிட வேண்டும். இருட்டில் யார் நிற்கிறார் என்று பாராமல், உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று நள்ளிரவில் அடித்த அந்த மணியின் ஓசையே நமக்குப் போதுமானது.